அப்பா அம்மாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் போடுறதுக்கு சீசன்னு ஏதாவது இருக்கா?

பாளை_பய

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கிடுங்க. அப்பாவுக்கு 66, அம்மாவுக்கு 61, ரெண்டு பேரும் பாளையங்கோட்டைலதான் இருக்காவ, நான் பெங்களூர்ல வேல பாக்கேன். இதுவர என் கம்பெனி குரூப் பாலிசில அவங்களயும் சேத்து வச்சிருந்தேன், 3 லட்சம், நாலு வருஷமா ஓடுது. இப்ப வேற கம்பெனிக்கு மாறுதேன், அடுத்த மாசம் 28ஆம் தேதி இங்க கடைசி நாள், புது கம்பெனில பொண்டாட்டி புள்ளைக்கு மட்டுந்தான், பெத்தவங்களுக்கு கிடையாதுன்னுட்டாவ. அப்பாவுக்கு 9 வருஷமா சுகரு, பிரஷர் மாத்திரையும் போடுதாரு. அம்மாவுக்கு முட்டு வலி, மாடிப்படி ஏறுனா ஒரு நாள் பூரா படுத்துக்கிடுதாவ.

குழப்பம் எங்க வந்துதுன்னா, அமெரிக்கால இருக்க அத்தான் போன் போட்டாரு, அங்க வயசானவங்க இன்சூரன்ஸுக்கு அக்டோபர் 15லருந்து டிசம்பர் 7 வரைக்குந்தான் கதவு திறந்திருக்குமாம், விட்டா அடுத்த வருஷந்தானாம், அதனால நீயும் சீக்கிரம் போடுலன்னு ஒரே நச்சரிப்பு. இங்க ஏஜென்ட் ஒருத்தரு "65 தாண்டிட்டாலே கஷ்டம், இந்த மாசத்துக்குள்ள முடிச்சாத்தான் உண்டு"ங்காரு. குத்தாலத்துக்குத்தான் சீசன் கேள்விப்பட்டிருக்கேன், இன்சூரன்ஸுக்குமா? நெசமா, இல்ல சரக்க தள்ளுதாரா?

கொக்கிரகுளம்_ஆத்தங்கர

ஏஜென்டுக்கு மாசக்கடைசி டார்கெட்டு. அதான் அந்த சீசன்.

டவுண்_அண்ணாச்சி

தம்பி, நம்ம நாட்டுல தனியா எடுக்குற பாலிசிக்கு சீசன் எல்லாம் ஒண்ணும் கிடையாது. தை மாசமும் எடுக்கலாம், ஆடி மாசமும் எடுக்கலாம். 65 வயசு கதையும் பழசு, 2024 ஏப்ரல்லருந்து ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் கம்பெனிகள கட்டுப்படுத்துற அரசாங்க அமைப்பு) அந்த வயசு வரம்ப எடுத்துட்டாவ, எந்த வயசுக்காரருக்கும் கம்பெனிக்காரன் பிளான் வச்சிருக்கணும். ஆனா ஒண்ணு, கேட்ட உடனே குடுத்துரணும்னு அர்த்தம் இல்ல, டெஸ்ட் எடுக்கச் சொல்லுவான், பிரீமியம் ஏத்துவான், வேண்டாம்னும் சொல்லுவான்.

இங்க நீ பயப்பட வேண்டியது வெயிட்டிங் பீரியடுக்கு. பாலிசி போட்ட நாள்லருந்து மொத 30 நாளு விபத்த தவிர எதுக்கும் துட்டு வராது. கண்புரை, குடலிறக்கம், முட்டு மாத்துற ஆபரேசன் மாதிரி ஒரு லிஸ்ட் வச்சிருப்பான், அதுக்கு பெரும்பாலும் ரெண்டு வருஷம். ஏற்கனவே இருக்க சுகர், பிரஷர், அதுனால வர்ற சீக்குக்கு அதிகபட்சம் 3 வருஷம் (முன்ன 4 வருஷமா இருந்துச்சு, அதையும் 2024லதான் கொறச்சாவ). பிசான நெல்லுக்கு நாத்து பாவ லேட்டாச்சுன்னா அறுப்பும் தள்ளிப் போவுமில்லா, அதே கணக்குதான், இன்னைக்கு போட்டா இன்னையிலருந்து எண்ணுவான், அடுத்த வருஷம் போட்டா அடுத்த வருஷத்துலருந்து எண்ணுவான்.

இப்ப உனக்கு உள்ள பெரிய விசயம் என்னன்னா, நீ புதுசா போடவே வேண்டாம். குரூப் பாலிசில நாலு வருஷம் ஓடியிருக்குல்லா, அத அப்படியே அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனி பாலிசிக்கு மாத்திக் கேக்கலாம், மைக்ரேஷன்னு பேரு. அப்ப அந்த நாலு வருஷமும் வெயிட்டிங் பீரியடுல கழியும். ஆனா பழைய 3 லட்சத்துக்கு மட்டுந்தான் கழியும், 10 லட்சமா ஏத்துனா மிச்சம் 7 லட்சத்துக்கு புதுசாத்தான் எண்ணுவான், இத ஏஜென்ட் எவனும் வாயத் திறந்து சொல்ல மாட்டான். வேலைய விட்டு வந்தப்புறம் கேட்டா "நீ யாருப்பா"ம்பான், அதனால கடைசி நாளைக்கு முன்னாடியே எச்ஆருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மெயில் போட்ரு, போன்ல பேசுறது கணக்குல சேராது.

வேற கம்பெனிக்கு பின்னால மாறணும்னா அதுக்கு பேரு போர்ட்டபிலிட்டி, ரினியூவலுக்கு 45 நாளைக்கு முன்னாடியே கேட்டு வச்சிரணும். கடைசி வாரத்துல போய் நின்னா ஒருத்தனும் சீந்த மாட்டான்.

அம்பை_அக்கா

அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி, நான் ரினியூவல பத்தி மட்டும் சொல்லுதேன், ஏன்னா அதுல பட்டவ நானு. எங்க மாமனாருக்கு ஆறு வருஷமா பாலிசி ஓடிச்சு. ஒரு வருஷம் ரினியூவல் மெசேஜ் பழைய நம்பருக்கு போயிருக்கு, அந்த நம்பர் எப்பவோ கட்டாயிருச்சு, வீட்டுல கல்யாண வேல வேற, யாரும் கவனிக்கல. ஞாபகம் வந்து பாக்கையில 41 நாளு ஆச்சு. வருஷத்துக்கு ஒரு தடவ கட்டுற பாலிசிக்கு 30 நாளுதான் கிரேஸ் பீரியட், மாசாமாசம் கட்டுறதுக்கு 15. அதுக்குள்ள கட்டியிருந்தா பழைய வருஷம் எல்லாம் அப்படியே நின்னிருக்கும். பதினோரு நாள்ல ஆறு வருஷமும் போச்சு. மறுபடியும் புதுப் பாலிசி, மறுபடியும் மொதல்லருந்து, எட்டாவது மாசம் கண்புரை ஆபரேசன், மொத்தத் துட்டும் கையிலருந்துதான். மாமனாரு ஒரு வார்த்த சொல்லல, எனக்குத்தான் அந்த கண்ணாடிய பாக்கும்போதெல்லாம் என்னமோ பண்ணும்.

அந்த 30 நாளு இருக்கேன்னு அசந்துராதிய, ரினியூவல் தேதி தாண்டி பணம் கட்டாம இருக்கையில ஆஸ்பத்திரில படுத்தா வருஷ பாலிசில அந்த செலவு வராது. கிரேஸ் காப்பாத்துறது பழைய வருஷக் கணக்க மட்டுந்தான்.

பாலிசி கையில வந்ததும் 30 நாளு டைம் இருக்கு, பிடிக்கலன்னா திருப்பிக் குடுக்கலாம். அதுக்குள்ள உக்காந்து கோ-பே எவ்வளவுன்னு படிச்சிருங்க. 20 சதவீதம்னு போட்டிருந்தா லட்ச ரூவா பில்லுல 20 ஆயிரம் நம்ம கைக்காசு.

பாளை_பய

அண்ணாச்சி, அக்கா, ரொம்ப நன்றி. எச்ஆருக்கு நேத்தே மெயில் போட்டுட்டேன். இன்னொரு தலவலி. அப்பாட்ட பாரத்துல சுகர், பிரஷர் எல்லாம் எழுதணும்னு சொன்னேன், "ஊருக்கெல்லாம் தமுக்கடிக்காத, தங்கச்சிக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்கோம், எழுதாம விடு, யாரு கண்டுபிடிக்கப் போறா"ங்காரு. ஏஜென்டும் அதுக்கு ஒத்து ஊதுதாரு, எழுதலன்னா பிரீமியம் கொறையுமாம்.

டவுண்_அண்ணாச்சி

சவத்த, அந்த ஏஜென்ட மொதல்ல மாத்துவே. 9 வருஷ மருந்துச்சீட்டு இருக்கு, ரத்த டெஸ்ட் இருக்கு, ஆஸ்பத்திரில சேத்ததும் டாக்டரு கேக்குற மொத கேள்வியே எத்தன வருஷமா சுகர்னுதான், அப்பாவே வாயால சொல்லுவாரு, அவுக அத கேஸ் ஷீட்டுல எழுதுவாவ, இன்சூரன்ஸ்காரன் அந்தத் தாள வச்சே கிளெய்ம தள்ளிருவான், பாலிசியவும் ரத்து பண்ணிருவான். அஞ்சு வருஷம் விடாம கட்டிட்டா அப்புறம் மறைச்சத சொல்லி கிளெய்ம மறுக்க முடியாதுன்னு சட்டம் இருக்கு, ஆனா மோசடின்னு நிரூபிச்சா அதுவும் செல்லாது. அந்த அஞ்சு வருஷத்த நம்பி 66 வயசுக்காரர வச்சு சூதாடவா?

பிரீமியத்துக்கு இப்ப ஜிஎஸ்டியும் கிடையாது, 2025 செப்டம்பர் 22லருந்து தனி பாலிசிக்கு 18 சதவீதம் போயிருச்சு. வயசானவங்க பிரீமியத்த வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல அவனுவ இஷ்டத்துக்கு ஏத்தவும் முடியாது, ஐஆர்டிஏஐட்ட கேக்கணும். பழைய டாக்ஸ் முறைல இருந்தியன்னா பெத்தவங்க பிரீமியத்துக்கு வரி போடுற வருமானத்துல 50 ஆயிரம் வர கழிக்கலாம்.

நியூஜெர்சி_நெல்லைக்காரன்

அத்தான் சொன்னது பாதிதான் சரி. இங்க மெடிகேர்ல (65 தாண்டுனவங்களுக்கு அரசாங்கம் நடத்துற இன்சூரன்ஸ்) அக்டோபர் 15 டு டிசம்பர் 7ங்கிறது ஏற்கனவே உள்ள இருக்கவங்க பிளான் மாத்திக்கிடுறதுக்கு, மாத்துனது ஜனவரி 1லருந்து நடைமுறைக்கு வரும். மொத தடவ சேருறவங்களுக்கு அது இல்ல. 65 வயசு முடியுற மாசம், அதுக்கு முன்னாடி மூணு மாசம், பின்னாடி மூணு மாசம், ஆக ஏழு மாசம். அப்ப வேலைல இருந்து கம்பெனி இன்சூரன்ஸ் இருந்துச்சுன்னா வேல முடிஞ்சு 8 மாசம் டைம் உண்டு. ரெண்டையும் விட்டவங்க ஜனவரி 1லருந்து மார்ச் 31க்குள்ள சேரணும், ஆனா பெனால்டி இருக்கு, பார்ட் பிக்கு (மெடிகேர்ல டாக்டர் செலவுக்கான பகுதி) தவறவிட்ட ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் பிரீமியத்துல 10 சதவீதம். 2025ல பிரீமியம் மாசம் 185 டாலரா இருந்துச்சு, ரெண்டு வருஷம் லேட்டுன்னா அதுல 37 டாலர் கூட. ஒரு தடவ கட்டிட்டு விடுற அபராதம் இல்ல, பார்ட் பி இருக்குற வரைக்கும் மாசாமாசம்.

பாளை தம்பி, உங்க அத்தான் அவங்க அம்மாவ கூட்டிட்டு வந்துட்டாரா? கிரீன் கார்டு இருந்தாலும் இங்க அஞ்சு வருஷம் தொடர்ந்து இருந்தாத்தான் மெடிகேர்ல சேர முடியும், விசிட்டர் விசால வந்தவங்களுக்கு கிடையவே கிடையாது. புதுசா கிரீன் கார்டுல வந்திருந்தா மார்க்கெட்பிளேஸ்ல (தனியார் பிளான்கள வாங்க அரசாங்கம் வச்சிருக்க சந்தை) பிளான் வாங்கலாம், அதுக்கு வந்து 60 நாளைக்குள்ள. அவருக்கு இத அனுப்பி வைங்க, டிசம்பர் 7ஐ நம்பி உக்காந்திருக்கப் போறாரு.

அம்பை_அக்கா

ஒண்ணு விட்டுப் போச்சு தம்பி. குடும்ப வருமானம் வருஷம் 1,20,000க்கு உள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கு, வருஷத்துக்கு 5 லட்சம் வர, அதுக்கும் சீசன் இல்ல, ரேஷன் கார்டு, ஆதார், விஏஓட்ட வாங்குன வருமானச் சான்று எடுத்துட்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் போனா அங்கனயே பதியலாம். நீ ஐடி வேலைங்கிறதால உங்க வீட்டுக்கு வருமானக் கணக்கு இடிக்கலாம், தெருவுல யாருக்காவது உதவும்னு சொல்லுதேன். அப்பா அரசாங்க பென்ஷன்காரரா இருந்தா கத வேற, பென்ஷன்லயே மாசாமாசம் பிடிச்சு அவங்களுக்கு தனித் திட்டம் ஓடுது.

பாளை_பய

அப்பா பென்ஷன் இல்லாத மில்லு வேலக்கா. அத்த போயி ரெண்டு மாசந்தான் ஆகுது, கிரீன் கார்டுதான், இந்த 60 நாள் விசயம் அத்தானுக்கு தெரியவே தெரியாது, இப்பத்தான் போன் போட்டேன், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிவிட்டதுக்கு ஏச்சும் வாங்கிட்டேன். ஏஜென்ட விட்டாச்சு. சுகரு, பிரஷரு, அம்மா முட்டு எல்லாம் நானே எழுதி அப்பாட்ட கையெழுத்துக்கு குடுத்தேன். கண்ணாடி போட்டு மொத்தத்தையும் படிச்சாரு, "மூலம் இருக்கு, அத ஏன் விட்டுட்ட?"ன்னு கேட்டாரு. எனக்கே அது இன்னைக்குத்தான் தெரியும்.