ஆர்ட்டிகிள்ஷிப் முடிஞ்சு வீட்ல உக்காந்தா படிப்பே ஓடல, என்ன பண்றது?

செம்பூர்_பையன்:
மும்பைல சிஏ படிக்கிற நம்மாளுங்க இருந்தா சொல்லுங்க. ரெண்டு வருஷ ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டர்கிட்ட ட்ரெயினிங்) முடிஞ்சுது, ஃபைனலுக்கு முன்னாடி ஆறு மாசம் கையில. ஃபோர்ட் ஆஃபீஸ் போயிட்டிருந்தப்போ செம்பூர்லேந்து சிஎஸ்எம்டி வரைக்கும் ஹார்பர் லைன்ல தொங்கிக்கிட்டே நோட்ஸ் பாத்துருவேன், இப்ப நாள் பூரா சும்மா இருந்தும் புக்க தொறந்தா கொட்டாவிதான் வருது. தினம் 12 மணி நேரம்னு டைம்டேபிள் போட்டு செவுத்துல ஒட்டிருக்கேன், ஒரே தடவைல ரெண்டு குரூப்பும் (குரூப்புக்கு மூணு பேப்பர்) தூக்கணும். மோட்டிவேஷன் வீடியோ மட்டும் அனுப்பாதீங்க ப்ளீஸ்.

மாட்டுங்கா_அக்கா:
தம்பி, மொதல்ல அந்த 12 மணி நேரத்த கிழிச்சு போடு. சேர்ல உக்காந்து மொபைல நோண்டினாலும் மணி ஓடத்தான் செய்யும். இன்னிக்கு எஃப்ஆர்ல, அதான் ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங் பேப்பர்ல, கன்சாலிடேஷன் சம் நாலு, புக்க மூடிட்டு, டைம் வெச்சு, அப்படி போடு, மத்தியானமே முடிஞ்சா எழுந்து போயிடு. அப்புறம் எல்லா பேப்பர்லயும் 40 மார்க் போதும்னு நெனக்காத, குரூப்ல 300க்கு 150 வரலன்னா ஃபெயில்தான், அதனால ஏதாவது ஒரு பேப்பர்ல 60 தாண்டற மாதிரி பிடி, அது மத்தத தூக்கி விடும், குரூப் போனாலும் மூணும் எழுதிருந்தா அந்த பேப்பருக்கு எக்ஸெம்ப்ஷன் கெடைக்கும், அடுத்த தடவ அத எழுத வேணாம். உனக்கு எது நல்லா வரும், எஃப்ஆரா, ஏஎஃப்எம்மா (ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட்)?

கோலிவாடா_72:
ட்ரெயின்ல எப்படி படிப்பு ஓடிச்சுன்னு யோசிப்பா. லோக்கல் வந்தா ஏறணும், ஏறினா நோட்ஸ், அங்க யோசிக்கவே ஒண்ணுமில்ல. வீட்லதான் இப்ப ஆரம்பிக்கலாமா டீ குடிச்சிட்டா ஆரம்பிக்கலாமான்னு தெனமும் பஞ்சாயத்து. பீட்டர் கோல்விட்சர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1999லயே இத எழுதிருக்கார், நல்லா படிப்பேன்னு சொல்றத விட, டிபன் தட்ட கழுவி வெச்சதும் ஆடிட் புக்குன்னு எப்போ எங்கன்னு முடிச்சு போட்டு வெச்சா ஜாஸ்தி நடக்குதாம். அதுவும் ஆகலன்னா அப்யாசிகா, அதான் இங்க இருக்கற பொது படிப்பு ஹால், அங்க போயிடு. சுத்தி எல்லாரும் தலைய குனிஞ்சு படிக்கும்போது நமக்கே போன எடுக்க கூச்சமா இருக்கும்.

டோம்பிவிலி_சாம்பார்:
ஓப்பன் புக்தானேன்னு ஆறாவது பேப்பர கடைசில தள்ளிடாதீங்க ப்ரோ, மத்த அஞ்சும் தெரிஞ்சாதான் அது வரும், இல்லன்னா பக்கத்த பொரட்டியே நேரம் போயிடும். அக்கா, சம் கணக்கு சரி, ஆடிட்டுக்குதான் சம்மே கெடையாதே?

மாட்டுங்கா_அக்கா:
பழைய ஆர்டிபி (ரிவிஷன் டெஸ்ட் பேப்பர்), எம்டிபி (மாக் டெஸ்ட் பேப்பர்) கேள்விய எடுத்து பாக்காம எழுது, எஸ்ஏ (ஆடிட்டிங் ஸ்டாண்டர்ட்) நம்பரோட. ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு பேர் 2006ல சோதனை பண்ணி பாத்துருக்காங்க. அஞ்சு நிமிஷத்துல கேட்டப்போ திரும்ப திரும்ப படிச்சவங்கதான் முந்தி, ஒரு வாரம் கழிச்சு கேட்டா பாக்காம எழுதி பாத்தவங்களுக்குதான் ஜாஸ்தி ஞாபகம். படிக்கும்போது எல்லாம் வந்த மாதிரி தோணுதே, அத நம்பாத.

செம்பூர்_பையன்:
ஏஎஃப்எம்தான் வரும் அக்கா, அத 60க்கு பிடிச்சு பாக்கறேன். சயான் பக்கம் ராத்திரி 11 வரைக்கும் தொறந்திருக்கற அப்யாசிகா யாருக்காவது தெரியுமா, ஏசி இல்லன்னாலும் ஓகே.