எஸ்டேட் சேல்ல மாட்டின ஏஆர்-3ஏ ஸ்பீக்கர் ஜோடி: தேச்சு பாலிஷ் போட்டு விக்கலாமா, அப்படியே தள்ளிடலாமா?

வூஸ்டர்வாசி:
வணக்கம் மக்களே. மாசசூசெட்ஸ்ல வூஸ்டர் பக்கம் இருக்கேன், வீக்கெண்ட்ல எஸ்டேட் சேல் (ஒரு வீட்டு சாமானை மொத்தமா போட்டு விக்கிறது) சுத்தி பழைய ஆடியோ சாமான் வாங்கி ரெடி பண்ணி விக்கிறது நம்ம சைடு வேலை, இதுவரைக்கும் ரிசீவர், டர்ன்டேபிள்னு தான் ஓடிட்டு இருந்துச்சு, ஸ்பீக்கர்ல கை வைக்கிறது இதான் ஃபர்ஸ்ட். போன வாரம் ஒரு பேஸ்மென்ட்ல ஏஆர்-3ஏ (அகூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியோட பழைய ஸ்பீக்கர்) ஜோடி தூசி படிஞ்சு கிடந்துச்சு, 300 டாலருக்கு பேசி முடிச்சு தூக்கிட்டு வந்துட்டேன். ஒவ்வொண்ணும் 24 கிலோ வரும், படி ஏத்துறதுக்குள்ள நாக்கு தள்ளிருச்சு.

இப்ப நிலவரம் என்னன்னா ரெண்டு வூஃபர்லயும் (கனமான கீழ் ஒலி குடுக்கிற பெரிய ஸ்பீக்கர்) கோனை சுத்தி இருக்கிற ஃபோம் விளிம்பு தொட்டாலே மாவா உதிருது. ஒரு பாக்ஸ் மேல யாரோ பூந்தொட்டி வெச்சிருந்திருக்காங்க, வால்நட் வெனீர்ல (மேல ஒட்டின மெல்லிசான மரத்தகடு) கருப்பா ஒரு வளையம், அதுக்கு பக்கத்துல வெள்ளையா இன்னொண்ணு. முன்னாடி இருக்கிற லினன் துணி பழுப்பேறி ஒரு மூலைல தளர்ந்து தொங்குது. இடது பக்க பாக்ஸ்ல ட்வீட்டர் (கீச்சு ஒலி குடுக்கிற சின்ன ஸ்பீக்கர்) பேச்சு மூச்சே இல்ல, வலது பக்கம் பின்னாடி நாப் திருகினா கரகரன்னு சத்தம் வந்து திடீர்னு பாடுது திடீர்னு நின்னுடுது.

ஆபீஸ்ல ஒரு நண்பர், ஆர்பிட்டல் சாண்டர் போட்டு மொத்தமா தேச்சுட்டு பளபளன்னு பாலியூரித்தேன் அடி, ரெண்டு மடங்கு விலைக்கு போகும்ங்கிறார். இன்னொரு ஆள், எதையும் தொடாத, அப்படியே ப்ராஜெக்ட் பீஸ்னு (வாங்குறவனே ரிப்பேர் பண்ணிக்கட்டும்னு) போட்டு தள்ளிடுங்கிறார். ட்வீட்டர் வேற தேடி வாங்கணுமா, உள்ள கெப்பாசிட்டர் எல்லாம் மாத்தணுமா, எதுல காசு போட்டா திரும்ப வரும்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மிஷிகன்மாமா:
தம்பி, 300க்கு ஏஆர்-3ஏ ஜோடின்னா நல்ல வேட்டைதான், முதல்ல அந்த சாண்டரை எடுத்து நண்பர்கிட்டயே திருப்பி குடுத்துடுங்க.

உங்க ட்வீட்டர் செத்துருச்சுன்னு இப்பவே முடிவு கட்டாதீங்க. இந்த மாடல்ல எல்லாருக்கும் வர்ற முதல் வியாதி பின்னாடி இருக்கிற ரெண்டு லெவல் கன்ட்ரோல் தான், மிட்ரேஞ்சுக்கு (நடு ஒலி குடுக்கிற ஸ்பீக்கர்) ஒண்ணு, ட்வீட்டருக்கு ஒண்ணு, உள்ள கம்பி சுத்தின பாட் (பொட்டென்ஷியோமீட்டர், சத்தத்தை கூட்டிக் குறைக்கிற நாப்), அதுல நாப் திருகும்போது நகர்ற முள் கம்பியை தொடுற இடத்துல பச்சை பூத்து சிக்னல் போறதே இல்ல. ஈபேல "ட்வீட்டர் வேலை செய்யல"ன்னு போட்டு விக்கிற பாதி ஜோடில ட்வீட்டர் நல்லாத்தான் இருக்கும், பாட் தான் போயிருக்கும். உங்க வலது பக்கம் விட்டு விட்டு பாடுதுன்னு நீங்களே சொல்றீங்க, அது அச்சு அசல் பாட் வியாதி. இன்னொண்ணு, பின்னாடி டெர்மினல் மூணு இருக்கும், 1, 2, டி. அதுல 2க்கும் டிக்கும் நடுவுல ரெண்டையும் இணைக்கிற ஒரு சின்ன உலோகப் பட்டை இருக்கணும். யாராவது கழட்டி எறிஞ்சிருந்தா ஒரு பகுதி பாடவே பாடாது. அதையும் பாருங்க.

கிரில்லை (முன்னாடி துணி போட்ட ஃப்ரேம்) மெல்லிசான புட்டி கத்தி விட்டு ஓரம் ஓரமா நெம்புங்க, ஒரே மூலைல அழுத்தி இழுத்தா ஃப்ரேம் உடையும். வெளிய வந்தா பெரும்பாலான பீஸ்ல மிட், ட்வீட்டர் ரெண்டுக்கும் வயர் முன்னாடியே தெரியும், தலைமுடி மாதிரி கம்பி, மூச்சு விட்டாலே அறுந்துடும்னு நினைச்சு வேலை பாருங்க. ஒரு பக்கத்தை விடுவிச்சுட்டு மல்டிமீட்டர்ல ஓம் பாருங்க. சில ஓம் காட்டினா ட்வீட்டர் உயிரோட இருக்கு. ஒண்ணுமே காட்டலன்னா அப்புறம் கவலைப்படுங்க, ஏன்னா இதுக்கு ஒரிஜினல் ட்வீட்டர் கிடைக்கிறது குதிரைக் கொம்பு.

பாட் கழட்டி திறந்து சுத்தம் பண்ணலாம், மெல்லிசான எமரி, கான்டாக்ட் க்ளீனர், அப்புறம் துளி கிரீஸ். உள்ள கம்பியே அரிச்சுப் போயிருந்தா புது பாட் இல்லன்னா எல்-பேட் (அதே வேலை செய்யுற இன்னொரு வகை கன்ட்ரோல்) போட்டுக்கலாம். ஆனா பழசை தூக்கி எறியாதீங்க, ஒரு ஜிப்லாக் கவர்ல போட்டு ஸ்பீக்கரோடவே குடுங்க. வாங்குறவன் மனசுல அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு.

ரிச்சிதெரு_ராஜா:
அண்ணா நான் சென்னைல இருந்து. இங்க ரிச்சி தெருல கடை வெச்சிருக்கிற ஆளுங்ககூட பழக்கம், கல்ஃப்ல இருந்து அந்தக் காலத்துல கொண்டு வந்த ஜப்பான் செட், அப்புறம் நம்ம ஊர் சோனோடைன் இதெல்லாம் ரெடி பண்ணி விப்போம். இங்க கஸ்டமர் முதல்ல பாக்குறது பாக்ஸ் தான், மெலமைன் பாலிஷ் போட்டு கண்ணாடி மாதிரி நின்னா ஹால்ல வைக்க வீட்டம்மா ஒத்துக்குவாங்க, அப்பத்தான் பர்ஸ் திறக்கும். அதனால நண்பர் சொன்னது முழுசா தப்புன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா ஒண்ணு, எங்க ஊர்லயே சில பேர் ஃபோம் போனா ஒரிஜினல் வூஃபரை தூக்கி கடாசிட்டு கார் வூஃபரை மாட்டி குடுத்துடறாங்க, அது மட்டும் பண்ணிடாதீங்க. மூடின பாக்ஸுக்கு கணக்கு போட்டு செஞ்ச வூஃபரை எடுத்துட்டா அப்புறம் அது வெறும் மரப்பெட்டி.

ஃபோம் ஒட்டி முடிச்சதும் ஒரு 1.5 வோல்ட் பேட்டரி எடுத்து ரெண்டு பாக்ஸ்லயும் ஒரே மாதிரி தொட்டு எடுங்க, ரெண்டு கோனும் ஒரே பக்கம் நகரணும். ஒண்ணு முன்னாடியும் ஒண்ணு பின்னாடியும் போச்சுன்னா எங்கயோ வயர் மாத்தி மாட்டியாச்சு, பேஸ் (கனமான கீழ் ஒலி) காணாமப் போயிடும்.

மிஷிகன்மாமா:
ராஜா தம்பி, பேட்டரி மேட்டர் சூப்பர். பாலிஷ்ல மட்டும் உடன்படல. நீங்க விக்கிறது ஹால்ல வைக்கிற ஆளுக்கு, அவர் விக்கப்போறது ஏஆர் பைத்தியத்துக்கு. ஏஆர் கம்பெனியே 1954ல மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜ்ல எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் ஆரம்பிச்சது, அதாவது இவர் இருக்கிற ஊருக்கு பக்கத்துல. காத்துப் புகாத பாக்ஸ்ல அடைபட்ட காத்தையே ஸ்பிரிங்கா வெச்சு பேஸ் எடுக்கலாம்னு காட்டினது அவங்கதான். 1958ல வந்த ஏஆர்-3ல டோம் (அரைக்கோளம் மாதிரி வளைஞ்ச) ட்வீட்டர், அந்த மாடல் இன்னைக்கு ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு. 3ஏ வந்தது 1967, எண்ணெய் பூசின வால்நட்ல ஒண்ணோட விலை அப்பவே 250 டாலர். நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷன்லயே கேக்க வர்றவங்களுக்கு ஒரு ரூம் போட்டு வெச்சிருந்தாங்க, அங்க எதையும் விக்கிறது கிடையாது, உக்காந்து கேட்டுட்டு போலாம். இந்த கதை தெரிஞ்ச ஆள் தான் உங்க விளம்பரத்துக்கு போன் பண்ணுவான், அவன்கிட்ட கண்ணாடி பாலிஷ் காட்டினா உள்ள என்னத்தை மறைச்சிருக்கன்னு தான் கேப்பான்.

ஸ்காபரோசிவா:
நான் இஞ்ச டொரண்டோவில ஸ்காபரோவில இருக்கிறன், மரவேலை தான் எனக்கு கொஞ்சம் தெரியும், எலக்ட்ரானிக்ஸை மற்றவை சொல்லட்டும்.

தம்பி அந்த ரெண்டு வளையமும் ரெண்டு விதமான பிரச்சினை. வெள்ளை வளையம் எண்டா ஈரம் மேல பூச்சுக்குள்ள மட்டும் தான் போயிருக்கு, அது பெரிய விசயமில்லை, கொஞ்சம் எண்ணெய் விட்டு மிக மெல்லிய ஸ்டீல் வூலால இழையோட சேத்து தேய்ச்சா அநேகமா போயிடும். கறுப்பு வளையம் தான் மரத்துக்குள்ள இறங்கினது, வால்நட்டில இருக்கிற டானின் எண்ட துவர்ப்புச் சத்தும் தண்ணியில வாற இரும்பும் சேந்து கறுத்துப் போறது. அதை தேய்ச்சு எடுக்க வெளிக்கிட்டா வெனீர் முடிஞ்சு கீழ இருக்கிற பலகை தெரியும், பிறகு அழுது வேலையில்லை. அதுக்கு ஒக்சாலிக் அசிட். கடையில மர ப்ளீச் எண்டு கேட்டா தருவினம், சுடுதண்ணியில கரைச்சு வளையத்துக்கு மட்டும் பூசாம மேல் பலகை முழுக்க சமனா பூசுங்கோ, இல்லாட்டி வளையம் போன இடத்தில வெளிறின வட்டம் ஒண்டு வரும். காய விட்டு பாத்து, தேவையெண்டா திருப்பி பூசி, முடிய நல்லா தண்ணியால துடையுங்கோ. அது நஞ்சு, கையுறை போடோணும், காய்ஞ்ச தூளை மூச்சில எடுக்கக் கூடாது.

பிறகு 220 உப்புத்தாள் கையால, இழை போற பக்கம் மட்டும், ரெண்டு மூண்டு இழுப்பு, அவ்வளவு தான். மூலையில கை வையாதேங்கோ, வெனீர் முதல்ல போறது மூலையில தான். அதுக்கு மேல டேனிஷ் ஒயில், ஊறவிட்டு 15 நிமிசத்தில மிச்சத்தை துடைச்சு எடுக்கிறது. தொழிற்சாலையில வந்ததும் எண்ணெய் பூச்சு தானே, அதால பழைய முகமே திரும்பி வரும். முக்கியமான விசயம், எண்ணெய் துடைச்ச துணியை சுருட்டி கராஜில போட்டு வையாதேங்கோ, அது தானா சூடாகி பத்தும். விரிச்சு வெளியில காய விடுங்கோ.

லினன் துணியை மாத்தாம விடேலுமெண்டா விடுங்கோ. தளர்ந்த மூலையை மட்டும் ஒட்டினா காணும். கழுவ வெளிக்கிட்டா சுருங்கிப் போடும்.

வூஸ்டர்வாசி:
மாமா, நீங்க சொன்ன மாதிரியே தான். இடது ட்வீட்டர் மீட்டர்ல ஓம் காட்டுது, பாட் திறந்து பாத்தா உள்ள முழுக்க பச்சை. சுத்தம் பண்ணி மாட்டினேன், பாடுது! வலது பக்க பாட்ல ஒரு இடத்துல கம்பியே அரிச்சு அறுந்து கிடக்கு, அதுக்கு புதுசு ஆர்டர் பண்ணியாச்சு.

இப்ப ஃபோமும் கெப்பாசிட்டரும் பாக்கி. உள்ள மெழுகு மாதிரி ஏதோ மூடின டப்பா ஒண்ணு இருக்கு, அதை மாத்தணுமா? அப்புறம் வூஃபரை கழட்டும்போது ஒரு சாம்பல் கலர் பிசின் சுத்தி ஒட்டிட்டு வந்துச்சு, உள்ள மஞ்சள் பஞ்சு, கை எல்லாம் அரிக்குது.

மிஷிகன்மாமா:
மஞ்சள் பஞ்சு கண்ணாடி நார், முழுக்கை சட்டையும் மாஸ்க்கும் போட்டுக்கிட்டு மறுபடி கை விடுங்க. எவ்வளவு இருந்துச்சோ அவ்வளவையும் திரும்ப வைக்கணும், அழுக்கா இருக்குன்னு குறைச்சா பேஸ் மாறிடும். ரெண்டு பாக்ஸ்லயும் ஒரே எடை இருக்கான்னு சமையல் தராசுல நிறுத்துப் பாருங்க. சாம்பல் பிசின் காத்து அடைக்கிறதுக்கு, மூடும்போது அதே மாதிரி புதுசு வைங்க. இது மூடின பாக்ஸ், ஊசி முனை ஓட்டை இருந்தாலும் வேலை கெட்டுப் போகும். எல்லாம் மாட்டின பிறகு கோனை மெதுவா உள்ள அழுத்தி விடுங்க, டக்குனு எகிறாம ஆற அமர வெளிய வந்தா அடைப்பு சரியா இருக்கு.

மூடுறதுக்கு முன்னாடி ரெண்டு வூஃபரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பின்பக்கத்தை பாருங்க. ஆரம்ப காலத்து 3ஏல அல்நிகோ (ஒரு உலோகக் கலவை) காந்தம், துணி விளிம்பு. அப்புறம் தான் செராமிக் காந்தமும் ஃபோமும் வந்துச்சு. ஒண்ணு அது ஒண்ணு இதுன்னு இருந்தா விக்கும்போது மறைக்கக் கூடாது. உங்களுக்கு ரெண்டுமே ஃபோம்ங்கிறதால பெரும்பாலும் ஜோடி சரியாத்தான் இருக்கும்.

ஃபோம் வாங்கும்போது பொதுவா 12 இன்ச்சுன்னு வாங்காதீங்க, ஏஆர் 12 இன்ச்சுக்குன்னே தனியா விக்கிறாங்க, விளிம்போட சாய்வு கோனோட உக்காரணும். பழைய பசையை ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல ஊறவெச்சு விரல் நகத்தால உருட்டி எடுக்கணும், இதுதான் முழு வேலையிலயும் பொறுமையை சோதிக்கிற இடம், மேல மேல ஒட்டினா ஃபோம் மேடு பள்ளமா உக்காந்து கோன் கோணிடும். நடுவுல இருக்கிற மூடியை வெட்டி ஷிம் (கோன் நடுவுல நிக்க சொருகுற மெல்லிசான தகடு) வைக்கச் சொல்லுவாங்க, இந்த வூஃபருக்கு அது வேண்டாம். முதல்ல கோன் பக்கம் ஒட்டி காய விட்டுட்டு, வெளி விளிம்புக்கு பசை தடவினதும் ஆம்ப்ல 30 ஹெர்ட்ஸ் டோனை (ரொம்ப கனமான ஒரே சீரான ஒலி) ரொம்ப சின்ன சத்தத்துல ஓட விடுங்க. கோன் அசையும்போது எங்கயாவது உரசுற சத்தம் கேட்டா விளிம்பை மில்லிமீட்டர் கணக்குல நகர்த்தி, சத்தம் நின்ன இடத்துல அழுத்தி விடுங்க. காது தான் இங்க கருவி.

கெப்பாசிட்டர் மூணு மதிப்பு, 6, 50, 150 மைக்ரோஃபாரட். ட்வீட்டருக்கு 6, மிட்டுக்கு 50, வூஃபர் பக்கம் 150. ஒரு கால் விடுவிச்சு எல்சிஆர் மீட்டர்ல (கெப்பாசிட்டர் மதிப்பு அளக்கிற மீட்டர்) அளங்க. அரை நூற்றாண்டு ஆச்சு, விலகித்தான் இருக்கும், நான் மாத்திடுவேன். 6க்கு ஃபிலிம் வகை கெப்பாசிட்டர் போடுங்க, 150க்கு ஃபிலிம்னா பூசணிக்கா சைஸ்ல வரும், காசும் தண்டம், நான்போலார் (பிளஸ் மைனஸ் பக்கம் இல்லாத) எலக்ட்ரோலிட்டிக் வகையே தாராளம். காயிலை (கம்பிச்சுருள்) தொடவே தொடாதீங்க.

ரிச்சிதெரு_ராஜா:
மாமா ஒரு டவுட், எல்லாத்தையும் மாத்திட்டு ஒரிஜினல்னு எப்படி விக்கிறது?

மிஷிகன்மாமா:
ஒரிஜினல்னு விக்காதீங்க, என்ன செஞ்சோம்னு விக்கணும். உதிர்ந்த ஃபோம், பச்சை பூத்த பாட், கருப்பு வளையம் எல்லாத்துக்கும் போட்டோ எடுத்து விளம்பரத்துலயே போட்டுடுங்க, மாத்தின கெப்பாசிட்டர் மதிப்பு, பழைய பாகங்கள் கவர்ல இருக்குன்னு எழுதுங்க. ஃபோமும் வால்நட்டும் சரியா இருந்து, ட்வீட்டர் நாலும் பாடுற ஜோடிக்கு இந்த ஏரியாவுல ஆள் காத்துட்டு இருக்கான். நானா இருந்தா பூந்தொட்டி கறையை முக்கால்வாசி எடுத்துட்டு நிறுத்திக்குவேன்.

வூஸ்டர்வாசி:
நாலு ட்வீட்டரா, ஜோடிக்கு ரெண்டு தானே இருக்கு 😅

மிஷிகன்மாமா:
மிட்ரேஞ்ச் டோமையும் சேத்து எண்ணிட்டேன்பா. கேக்க வர்றவருக்கு போட்டு காட்டும்போது சின்ன ரிசீவரை மாட்டாதீங்க, இது 4 ஓம், சில இடத்துல அதுக்கும் கீழ இறங்கும், பவர் தின்னும், மட்டமான ரிசீவர் சூடாகி தன்னைக் காப்பாத்திக்க ப்ரொடெக்ஷன்ல போய் நின்னா பேரம் அங்கயே படுத்துடும். கூரியர்லயும் அனுப்பாதீங்க, 24 கிலோ பாக்ஸை தூக்கிப் போட்டா மூலை நசுங்கித்தான் போய் சேரும். நேர்ல வந்து எடுத்துக்கன்னு போடுங்க.

ஸ்காபரோசிவா:
எல்லைக்கு அந்தப் பக்கம் பஃபலோ நகரம் வரைக்கும் கொண்டு வந்து தாறதெண்டா நானே பாக்கலாம். என்ன விலை சொல்லப் போறீங்கள் தம்பி?

வூஸ்டர்வாசி:
அண்ணே ஃபோம் ஒட்டி முடிக்கட்டும், கறை எவ்வளவு போகுதுன்னு பாத்துட்டு உங்களுக்கு தனியா மெசேஜ் போடுறேன்.