நடுக்கடல் நாட்களில் பொழுது போகுமா?

கேள்வி: அட்லாண்டிக்கைக் கப்பலில் கடக்கப் போகிறோம், தொடர்ந்து ஆறு நாள் கரையே கிடையாது. சலித்துவிடுமா? அம்மாவுக்குத் தலைசுற்றல் வேறு உண்டு.

பதில் 1: சலிக்கவே சலிக்காது. நண்பகலில் கேப்டன் ஒலிபெருக்கியில் கப்பல் இருக்கும் இடம், வேகம், காற்று எல்லாம் சொல்வார், 20 நாட் என்றால் மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர், நான் தினமும் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். மேற்கே போகிறீர்கள் என்றால் பல இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அவ்வளவும் கூடுதல் தூக்கம்!

பதில் 2: அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. மேஜையில் டம்ளர் தானாக நகர ஆரம்பித்தால் உடனே திறந்த தளத்துக்குக் கூட்டிப்போய் அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 3: துணி துவைக்க விடியற்காலையே போய்விடுங்கள், அப்புறம் மெஷின் கிடைக்காது.

கேட்டவர்: சரி, அறையை இன்றே மாற்றக் கேட்கிறேன். ரொம்ப நன்றி.