ஓவியத் தொகுப்பில் எதை வைப்பது, எதை விடுவது?

சத்துவாச்சாரியிலிருந்து:
பத்தொன்பது ஆண்டுகள் கடைப் பலகை எழுதினேன். ஃபிளெக்ஸ் வந்தபின் வேலை குறைந்துவிட்டது. இப்போது சென்னைப் பதிப்பகம் ஒன்று, அட்டைப்பட வேலைக்காகத் தொகுப்பைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறது. என்னிடம் அறுபது படங்கள் இருக்கின்றன. வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூண்கள் மட்டுமே ஒன்பது. எல்லாவற்றையும் வைக்கலாமா?

குடியாத்தத்திலிருந்து:
வேண்டாம் அண்ணா. பதினைந்து போதும். சுமாரான ஒரு படம் இருந்தாலும் பார்ப்பவர் கண் அதில்தான் போய் நிற்கும். யாளியில் ஒன்றை மட்டும் வையுங்கள். பக்கத்திலேயே அதன் பென்சில் வரைவையும் வையுங்கள். நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பது அங்கேதான் தெரியும். ஒவ்வொன்றின் கீழும் ஊடகம், அளவு, ஆண்டு.

காட்பாடியிலிருந்து:
தொகுப்புக்காக ஓவியங்களைப் புகைப்படம் எடுக்கும்போது ஃபிளாஷ் கூடாது. எனாமல் பூச்சில் அது வெள்ளைத் திட்டாக விழுந்துவிடும். காலையில், வெயில் நேராக விழாத திண்ணையில் சுவரோடு நிறுத்தி, கேமராவைப் படத்தின் நடுமட்டத்துக்கு வைத்து எடுங்கள். சாய்ந்தால் சட்டம் கோணலாகிவிடும்.
இன்னொன்று, பலகை எழுத்துகளை விட்டுவிடாதீர்கள்! புத்தக அட்டைக்குத் தலைப்பெழுத்து வேண்டுமே. கையால் 'ழ'வின் சுழியை ஒரே இழுப்பில் போடுகிறவர்கள் இன்று எத்தனை பேர்?

சத்துவாச்சாரியிலிருந்து:
எழுத்தை ஓவியமாக நான் எண்ணியதே இல்லை. பழைய மளிகைக் கடைப் பலகை ஒன்று பரணில் கிடக்கிறது. நாளைக் காலை இறக்கித் துடைக்கப் போகிறேன்.