ஏஜிஎஸ்-101 என்று ஸ்டிக்கர் சொன்னது, விளக்கு வேறு சொன்னது

நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாயைப் பழையதாக வாங்கும்போது பட்ட அனுபவங்களை எல்லோரும் எழுதுகிறீர்கள். என்னுடையதையும் சொல்கிறேன்.

நான் வெகுநாளாகத் தேடியது கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி, அதிலும் ஏஜிஎஸ்-101 என்ற மாடல். 2003-இல் வந்த முதல் எஸ்பியின் எண் ஏஜிஎஸ்-001. அதில் திரையின் முன்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும், நிறங்கள் வெளிறித் தெரியும். 2005-இல் வந்த 101-இல் வெளிச்சம் திரைக்குப் பின்னாலிருந்து வரும். பார்க்கவே அவ்வளவு அழகு! தேடுகிறவர்கள் அதிகம் என்பதால் மோசடியும் அதைச் சுற்றியே நடக்கிறது.

எனக்கு வந்ததன் பின்பக்க ஸ்டிக்கரில் ஏஜிஎஸ்-101 என்று தெளிவாக இருந்தது. ஷெல்லில், அதாவது வெளிக்கூட்டில், ஒரு கீறல் இல்லை. இவ்வளவு பழைய பொருள் இப்படிப் புத்தம் புதிதாக இருக்கிறதே என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆன் செய்து, திரைக்குக் கீழே நடுவில் இருக்கும் வெளிச்சப் பொத்தானை அழுத்தினேன். விளக்கு முழுவதுமாக அணைந்துவிட்டது. மனசு உடைந்து போனது.

ஏனென்றால் 101-இல் அந்தப் பொத்தான் விளக்கை அணைக்காது. அதிகம், குறைவு என்று இரண்டு அளவுக்குள் மாற்றும், அவ்வளவுதான். அணைந்தால் அது 001. யாரோ 001-க்குப் புது ஷெல் மாட்டி, அச்சடித்த 101 ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார்கள். பேட்டரி மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஒரிஜினல் பேட்டரி 600 மில்லி ஆம்பியர் மணி. இதில் 850 என்று போட்டிருந்தது. பழைய பேட்டரி செத்துப்போய் மாற்றியிருக்கலாம், அதை மட்டும் வைத்துக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டிக்கர் பொய் சொன்னது பொய்தான். விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

இப்போதெல்லாம் வாங்குவதற்கு முன் அந்தப் பொத்தானை அழுத்தும் வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுகிறேன்.

மறுமொழி:

சகோ, எனக்கு கன்சோல் சரியாகத்தான் வந்தது, அதில் செருகும் விளையாட்டுக் கேட்ரிட்ஜ்தான் காலை வாரியது. போக்கிமான் ஃபயர் ரெட். நாற்பது மணி நேரம் விளையாடியிருப்பேன். ஒரு நாள் ஆன் செய்தால் சேவ், அதாவது அதுவரை விளையாடியதன் பதிவு, இல்லை. முக்கோணத் திருகைக் கழற்றித் திறந்தேன், உள்ளே ஒரு பட்டன் பேட்டரி. ஒரிஜினல் ஃபயர் ரெட்டில் பேட்டரியே கிடையாது, சேவ் ஃபிளாஷ் சிப்பில் இருக்கும். போக்கிமான் எமரால்டில் பேட்டரி இருக்கும், ஆனால் அது விளையாட்டுக்குள் ஓடும் கடிகாரத்துக்கு மட்டும். அது தீர்ந்தாலும் சேவ் போகாது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரிஜினல் எமரால்டைப் போலி என்று திருப்பி அனுப்பியவரையும் பார்த்திருக்கிறேன். பாவம்.

மறுமொழி:

1989-இல் வந்த முதல் கேம் பாய் பற்றி ஒன்று. கேட்ரிட்ஜ் போடாமல் ஆன் செய்யுங்கள். ஒரிஜினலாக இருந்தால், நின்டெண்டோ லோகோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் மேலிருந்து இறங்கி வரும். லோகோவின் படம் கேட்ரிட்ஜிலிருந்து படிக்கப்படுகிறது; கன்சோல் அதைத் தன்னுள் இருக்கும் பிரதியோடு ஒப்பிட்டு, பொருந்தினால்தான் விளையாட்டைத் தொடங்கும். கேட்ரிட்ஜ் இல்லையென்றால் படிக்க ஒன்றுமில்லை, அதனால் கட்டம். என்னிடம் ஒருவர் கொண்டுவந்து காட்டியது, ஆன் செய்ததும் நூற்றுக்கணக்கான விளையாட்டுகளின் பட்டியலைக் காட்டியது. வெளித்தோற்றம் அச்சு அசலாக அதேதான், நான்கு ஏஏ பேட்டரிக்கான இடம் உட்பட. தன் மகனுக்குத் தான் சிறுவயதில் விளையாடியதையே கொடுக்க வேண்டும் என்று வாங்கியிருந்தார். உண்மையைச் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு என்னிடம் கூடுதலாக இருந்த ஒன்றைச் சுத்தம் செய்து அவரிடம் கொடுத்தேன். லோகோ இறங்கி வந்து அந்த 'டிங்' சத்தம் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது.