மாதவியின் மடல், கண்ணகியின் விருந்து

பள்ளியில் 'கற்பில் சிறந்தவள் கண்ணகியே' என்று பட்டிமன்றம் பேசியவள் நான். மாதவியை என்னென்னவோ சொல்லித் திட்டினேன், நல்ல கைதட்டல். சிலப்பதிகாரத்தை உரையோடு முழுசாகப் படித்தது நாற்பது வயதுக்கு மேல், சித்தி வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோதுதான்.

முதலில் என்னை உலுக்கியவள் மாதவி. கானல்வரிப் பாட்டில் சந்தேகம் வந்து கோவலன் எழுந்து போய்விடுகிறான். அவள் தாழம்பூ மடலை எடுத்து, பிச்சி மொட்டை எழுத்தாணியாக்கி, செம்பஞ்சுக் குழம்பில் தொட்டு எழுதி அனுப்புகிறாள். தோழி வசந்தமாலை அதைக் கொண்டுபோய் நீட்டினால், ஆடல்மகள்தானே, அவளுக்கு எல்லாமே நடிப்பு என்று வாங்க மறுக்கிறான். அதைக் கேட்டும் அவள் சொல்வது, 'மாலை வாரார் ஆயினும் மாணிழை காலை காண்குவம்'. சாயங்காலம் வராவிட்டால் என்ன, காலையில் பார்க்கலாம். அன்று அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. 1008 கழஞ்சுப் பொன் கொடுத்து மாலையை வாங்குபவனுக்கே மாதவி என்று தெருவில் விலை கூறித் தொடங்கிய உறவுதான், சரி. ஆனால் அவள் ஏங்கியது தன்னை நம்பும் ஒருவனுக்காக. கௌசிகன் என்ற அந்தணன் கையில் கொடுத்தனுப்பிய இரண்டாவது ஓலையில் திரும்பி வாருங்கள் என்று ஒரு சொல்கூட இல்லை. பெற்றவர்களை விட்டுவிட்டு மனைவியோடு இரவோடு இரவாகப் போகும்படி நான் செய்த பிழை என்ன, தெரியவில்லையே என்றுதான் கேட்கிறாள். அதைப் படித்த பிறகுதான் அவனுக்கே தெரிகிறது, தீது அவளிடம் இல்லை, தன்னிடம்தான் என்று.

அப்புறம் கண்ணகி. இவளுக்கு ஆசையே கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற பொய்கைகளில் மூழ்கிக் காமவேள் கோயிலில் தொழுதால் கணவன் கிடைப்பான் என்று தோழி தேவந்தி சொல்லும்போதுகூட, 'பீடன்று', அது பெருமையில்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாள். அவள் வாய் திறப்பது கொலைக்களக் காதையில். மதுரையில் அடைக்கலம் தந்த இடைக்குலத்து மாதரி கொடுத்த வீட்டில் மெல்விரல் சிவக்கக் காய் அரிந்து, முகம் வியர்த்து, கண் சிவக்கச் சமைத்து அவனுக்குப் பரிமாறி முடித்த பிறகு, தான் இழந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்கிறாள்: அறவோர்க்கு அளித்தல், அந்தணரை ஓம்பல், துறவோரை எதிர்கொள்ளல், 'விருந்தெதிர் கோடலும் இழந்த என்னை'. அந்த வரிசையில் அவனுடைய அணைப்பு இல்லை. ஒரு வீட்டின் தலைவியாக வாசலில் நின்று நாலு பேரை வரவேற்க முடியாமல் போனதுதான் அவளுடைய குறை.

இதைச் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். அருவாமனையில் பீர்க்கங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சித்தப்பா வேறொரு வீட்டுக்குப் போய்ப் பதினோரு வருடமாகிறது, அதைப் பற்றி என்னிடம் அவள் பேசியதே இல்லை. கை நின்றது. "அவர் போனதுகூட ஆறிப்போச்சுடி. நல்ல நாள் பெரிய நாள்னா யாரையும் சாப்பிட வாங்கன்னு கூப்பிட வாய் வரலை. கூப்பிட்டாலும் வர்றவங்க கூசிக்கிட்டே உட்காருவாங்க. கொல்லையில வாழை இலை கிழிஞ்சு கிழிஞ்சு வீணாப் போகும், அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆகாது" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, அந்த விருந்து வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.