புதுப்பிப்பு: வேலூர் பழைய வீட்டு நிலவறை ஓதம், காரணம் கிடைத்துவிட்டது

கொசப்பேட்டை வீட்டு நிலவறையில் சுவர் ஓதம் ஏறி உப்பு பூக்கிறது, வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கலாமா என்று மழைக்கு முன் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் சுவரில் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. மறுநாள் தாளுக்கும் சுவருக்கும் நடுவே முத்து முத்தாக நீர், வெளிப்பக்கம் சுத்தமாகக் காய்ந்திருந்தது. அப்படியென்றால் காற்றின் ஈரம் வந்து படியவில்லை, சுவர் வழியாகத்தான் வருகிறது. அப்புறம் கொத்தனார் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை முற்றத்துத் தூம்பில் ஊற்ற, கொஞ்ச நேரத்தில் நிலவறையின் கிழக்கு மூலையில் நீலக் கறை! மண்ணுக்குள் போகும் பழைய சுடுமண் குழாயின் இணைப்பு விட்டுப்போய், மாடி மழைத்தண்ணீர் அவ்வளவும் அஸ்திவாரத்தோரம் இறங்கியிருக்கிறது. பிவிசி குழாய் போட்டு, சரிவு கொடுத்து, தெருக் கால்வாயில் விட்டாச்சு. ஐப்பசி மழையில் அந்த மூலை நனையவில்லை.

எதிர்பாராதது ஒன்று: உப்பு நிற்கவில்லை. உள்ளே தங்கிய ஈரம் காயக் காய இன்னும் பூக்கிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். பெயிண்ட் யோசனையை விட்டுவிட்டேன். சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்தாயிற்று, சுண்ணாம்புப் பூச்சு வேலூர் வெயிலில் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான்.